காட்டில் கை கொடுப்பது எது?



பழனிக்கு வடக்கே சமவெளியில் அமைந்தது கீரனூர். மழை பெய்து வானம் துடைத்து விட்டாற்போல இருக்கும் நாளில் தெற்கே நோக்கினால், பழனி மலைத்தொடர் ஒரு நீலச் சுவராக எழுந்து நிற்பதைக் காணலாம். அந்தச் சுவரின் மேலே, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல். சுவர் வரை வயலும் தோப்பும். சுவர் தொடங்கியதும் காடு. விடுமுறை வந்தால் எங்கள் பக்கத்து இளைஞர்கள் சிலர் அந்தக் காட்டை நோக்கிப் புறப்பட்டு விடுவார்கள். நல்ல பழக்கம்தான். புறப்படுமுன் அவர்களுள் சிலர் என்னிடம் வருவதும் உண்டு. இயற்பியல் ஆசிரியர் என்றால் எல்லாக் கருவிகளைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று எண்ணம் போலும். "ஐயா, என்னென்ன வாங்க வேண்டும்?" என்பார்கள். என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

கடைகளில் இன்று எல்லாம் கிடைக்கின்றன. திசை காட்டும் கைக்கடிகாரம், சூரிய ஒளியில் மின்னேற்றம் பெறும் விளக்கு, அழுக்கு நீரை வடிகட்டிக் குடிக்க உதவும் குழல், மூன்றே நிமிடத்தில் விரியும் கூடாரம். இவற்றைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு. "நம் பாட்டன் பூட்டன் வெறுங்கையோடு காட்டில் வாழவில்லையா?" என்று அவர்கள் கேட்பார்கள். வெறுங்கையோடு வாழவில்லை என்பதே உண்மை. அவர்கள் கையில் அரிவாள் இருந்தது, கயிறு இருந்தது, சிக்கிமுக்கிக் கல் இருந்தது. கருவி இல்லாத மனிதன் எக்காலத்திலும் இருந்ததில்லை. கருவி வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவதை விட்டு, ஒவ்வொரு கருவியும் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பார்ப்பதே அறிவியல் மாணவருக்கு அழகு. ஒவ்வொரு வித்தையையும் அதே கேள்வி கேட்டுப் பார்க்க வேண்டும். ஏனெனில் வித்தைகளும் பொய்த்துப் போவதுண்டு.

லண்டன் கடிகாரம் பழனியில் ஓடுமா?

முகாம் கையேடுகளில் தவறாமல் இடம்பெறும் ஒரு வித்தையை எடுத்துக்கொள்வோம். திசைகாட்டி இல்லையா, கவலை வேண்டாம். முள் உள்ள கைக்கடிகாரத்தைக் கழற்றி, மணி முள்ளைச் சூரியனை நோக்கித் திருப்பு. முள்ளுக்கும் 12 என்ற எண்ணுக்கும் இடைப்பட்ட கோணத்தை இரு சமபாகமாக்கும் கோடு தெற்கைக் காட்டும் என்று எழுதியிருப்பார்கள். பாதியாக்குவதன் காரணம் எளிது. மணி முள் 12 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. சூரியன் நம்மைச் சுற்றி வருவதுபோல் தோன்றுவது 24 மணி நேரத்தில்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதை வகுத்தவர்கள் வாழ்ந்த நாடுகள் எங்கே உள்ளன? லண்டன் நகரின் அட்சரேகை வடக்கே ஐம்பத்தொன்றரைப் பாகை. அங்கே சூரியன் ஒருநாளும் தலைக்கு நேர்மேலே வராது. எப்போதும் தெற்கே சாய்ந்தே, கிழக்கிலிருந்து தெற்கு வழியாக மேற்குக்கு மெல்ல நகரும். கடிகார வித்தை இந்த நகர்வை நம்பியே நிற்கிறது.

கீரனூரின் அட்சரேகை ஏறத்தாழ பத்தரைப் பாகைதான். இங்கே ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒரு நாளும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். இடைப்பட்ட நான்கு மாதங்களில் அது நமக்கு வடக்கே இருக்கும்! ஜூன் மாத நண்பகலில் கடிகார வித்தையைச் செய்து பார்ப்பவர், வடக்கைக் காட்டி இதுவே தெற்கு என்பார். காலை வேளையிலும் நிலைமை சீராக இல்லை. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் காலை ஒன்பது மணிச் சூரியன் கிட்டத்தட்ட நேர் கிழக்கிலேயே இருக்கும். நம் பகுதியில் அது வானத்தில் ஏறுகிறதே தவிர, பக்கவாட்டில் நகர்வதில்லை. முள்ளைச் சூரியனை நோக்கி வைத்து, 9-க்கும் 12-க்கும் இடையே பாதியை எடுத்தால் கிடைப்பது தென்கிழக்கு. தெற்கு என்று நம்பி அந்தத் திசையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால், நேர்வழியிலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் விலகியிருப்போம். காட்டில் 700 மீட்டர் என்பது வேறொரு பள்ளத்தாக்கு.

இன்னொரு வித்தையும் இப்படித்தான். வழி தவறினால் ஓடையைப் பிடித்துக் கீழே போ, ஊர் வரும் என்பார்கள். ஆறுகள் நிதானமாக வளைந்தோடும் நாட்டில் இது சரியாக இருக்கலாம். பழனி மலையின் ஓடைகள் அவ்வளவு நிதானமானவை அல்ல. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் செல்லும் சாலையில் தூரத்தே வெள்ளைக் கோடாகத் தெரியும் தலையாறு அருவியைப் பார்த்திருப்பீர்கள். எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். அதன் உயரம் 297 மீட்டர். ஓடையை நம்பி அதன் கரையோடு இறங்கி வருபவர் கடைசியில் அத்தகைய இடத்தில் வந்து நிற்கக்கூடும். வழுக்குப் பாறையில் மேலே ஏறுவதும் கடினம், கீழே இறங்கவும் இயலாது.

அப்படியானால் திசை காண வழியே இல்லையா? இருக்கிறது, அதற்கு ஒரு குச்சி போதும். சமதரையில் ஒரு குச்சியை நேராக நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். அரைமணி நேரம் பொறுத்து, நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதற்கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. சூரியன் வடக்கே இருந்தாலும் தெற்கே இருந்தாலும் இது பொருந்தும். நண்பகலை ஒட்டிச் செய்தால் பிழை மிகவும் குறையும். நம் கோயில் ஸ்தபதிகள் கட்டடத்துக்குத் திசை குறிக்க "சங்கு" என்னும் முளையை நட்டு, முற்பகல் நிழலும் பிற்பகல் நிழலும் ஒரே வட்டத்தைத் தொடும் புள்ளிகளை இணைத்தார்கள். கொள்கை ஒன்றுதான், பொறுமைதான் கூடுதல்.

இரவில் துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொல்வார்கள். ஓரிடத்தின் அட்சரேகை எவ்வளவோ, அவ்வளவு பாகை உயரத்தில்தான் அங்கே துருவ நட்சத்திரம் தெரியும். நமக்கு அது பத்தரைப் பாகை. கையை நீட்டி முட்டியை மடக்கினால் ஒரு முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரமே அந்த நட்சத்திரம். மலைச்சரிவிலோ மரக்கூட்டத்திலோ அது மறைந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் வேட்டைக்காரன் கூட்டத்தை நம்புவது மேல். அவன் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்கள் வானநடுக்கோட்டை ஒட்டியே இருப்பதால், ஏறத்தாழ நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைகின்றன.

செல்பேசிக்கு என்ன தெரியும்?

"இவ்வளவும் எதற்கு? செல்பேசியைத் திறந்தால் நான் நிற்கும் இடம் புள்ளியாகத் தெரிகிறதே" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மறுக்க மாட்டேன். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களுள் குறைந்தது நான்கிடமிருந்து வரும் வானொலி அலைகளின் நேரத்தை ஒப்பிட்டு, நம் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் ஒரு சிறு பெட்டி சொல்லிவிடுகிறது. இதைவிட வியப்பான கருவி நம் பையில் இருந்ததில்லை.

இதில் ஒரு குழப்பம் பரவலாக உள்ளது. கோபுரத் தொடர்பு அற்றுப்போனால் செல்பேசி இடத்தையும் சொல்லாது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. இடத்தைக் கணக்கிடச் செயற்கைக்கோள் அலையே போதும். கோபுரம் இல்லாவிட்டால் வராமற் போவது வரைபடம்தான். வெற்றுத்திரையில் ஒரு நீலப்புள்ளி மட்டும் நிற்கும். ஊரிலேயே வரைபடத்தைச் சேமித்துக்கொண்டு போனால் இந்தத் தொல்லை இல்லை. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலை மிக மெலிதானது; அடர்ந்த மரக்கூரையும் செங்குத்தான பள்ளத்தாக்கும் அதைக் குலைத்துவிடும். தொடர்பு தேடித் தேடியே மின்கலமும் விரைவில் தீரும். எல்லாம் சரியாக இயங்கினாலும், நான் நிற்கும் இடம் தெரிவது வேறு, அங்கிருந்து எப்படிப் போவது என்று தெரிவது வேறு. புள்ளிக்கும் ஊருக்கும் இடையே வரைபடத்தில் இருநூறு மீட்டர்தான் இருக்கும். அது செங்குத்துப் பாறையாக இருந்தால்?

ஆரைக்கீரையும் ஆஸ்திரேலியாவும்

நம் வயல் வரப்பிலும் குளக்கரையிலும் நான்கு சிற்றிலைகளை விரித்து நிற்கும் ஆரைக்கீரையை அறிவீர்கள். அதன் உறவுச்செடி ஒன்று ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் வளர்கிறது. பெயர் நார்டூ.

1860 ஆகஸ்டில் மெல்போர்ன் நகரிலிருந்து பர்க் என்பவர் தலைமையில், வில்ஸ் என்பவரும் அடங்கிய ஒரு பயணக்குழு அந்தக் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கப் புறப்பட்டது. ஒட்டகங்கள், குதிரைகள், வண்டிகள், ஏறத்தாழ இருபது டன் சாமான்கள் என்று ஒரு சிற்றூரே நகர்ந்தது எனலாம். வடகடலை ஏறக்குறைய எட்டிவிட்டுத் திரும்பிய நால்வருள் ஒருவர் வழியிலேயே இறந்தார். மற்ற மூவரும் 1861 ஏப்ரல் 21 மாலை கூப்பர் ஓடை முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, அவர்களுக்காக நான்கு மாதம் காத்திருந்தவர்கள் அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தார்கள். சாமான்களில் பெரும்பகுதி எங்கோ பின்னால் கிடந்தது.

கூப்பர் ஓடை பாலை அன்று. அங்கே யாண்ட்ருவாந்தா மக்கள் காலங்காலமாக வாழ்ந்து வந்தனர். மீனும் கிழங்கும் நார்டூவின் கொட்டை போன்ற வித்துப்பைகளும் அவர்களுக்கு உணவு. பயணிகளும் நார்டூவைச் சேகரித்து, இடித்து, மாவாக்கித் தின்றனர். வயிறு நிறைந்தது, ஆனால் உடல் நாளுக்கு நாள் மெலிந்தது, கால்கள் தளர்ந்தன. நார்டூவில் தயமின் என்னும் வைட்டமின் பி-1 சத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அந்நாட்டு மக்கள் அதை வறுத்தும், நீர்விட்டு அரைத்தும் உண்டதால் நொதியின் தீமை குறைந்தது. பயணிகள் அந்தப் பக்குவத்தை முழுமையாகக் கற்கவில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பர்க்கும் வில்ஸும் 1861 ஜூன் இறுதியை ஒட்டி இறந்தனர். மூன்றாமவரான ஜான் கிங் யாண்ட்ருவாந்தா மக்களிடம் சென்று அவர்களோடு வாழ்ந்தார். செப்டம்பரில் தேடி வந்தவர்கள் அவரை உயிரோடு கண்டனர்.

பாதி வித்தை எவ்வளவு ஆபத்தானது பாருங்கள்! நம் பழனி மலையில் வாழும் பளியர் மக்களுக்குக் காட்டு வள்ளிக்கிழங்குகள் நன்கு தெரியும். அவற்றுள் சில வகைகளில் நஞ்சு உண்டு; சீவி, அலசி, அவித்தே தின்ன முடியும். எது எந்த வகை என்பதைக் கொடியின் சுற்றையும் இலையின் வடிவையும் கொண்டு அவர்கள் சொல்வது, குழந்தைப் பருவத்திலிருந்து கற்ற கல்வி. இரண்டு நாள் முகாமில் அதைக் கற்றுவிடலாம் என்று எண்ணுவது, இரண்டு நாளில் நுண்கணிதம் கற்றுவிடலாம் என்பதைப் போன்றது. வழி தவறியவர்களுக்கு நான் சொல்வது: ஓரிரு நாள் பசியால் யாரும் இறந்துவிடுவதில்லை. தெரியாத காயையும் கிழங்கையும் தொடாதீர்கள்.

மலைச்சரிவில் தீ

இனி, நெஞ்சை விட்டு அகலாத ஒரு நிகழ்ச்சிக்கு வருவோம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணி மலை. சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவும், திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்து வந்த ஒரு குழுவும் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. பலர் இளம் பெண்கள். பிற்பகலில் காய்ந்த புற்சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்தது. ஊர்மக்களும் வனத்துறையினரும் தீயணைப்புப் படையினரும் மேலே ஏறினர். விமானப் படையின் ஹெலிகாப்டர்களும் வந்தன. ஆயினும் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளை வகுத்தது. முன் அனுமதியும் வழிகாட்டியும் இன்றிக் காட்டுக்குள் போகக் கூடாது என்பதன் பின்னால் இவ்வளவு பெரிய துயரம் இருக்கிறது.

யார் மீது குற்றம் என்று பேசுவது என் வேலையன்று. அந்தத் தீ ஏன் அவ்வளவு விரைவாக வந்தது என்பதை மட்டும் இயற்பியல் கொண்டு பார்ப்போம். ஏனெனில் உங்களில் பலர் வருங்காலத்தில் அத்தகைய சரிவுகளில் நடப்பீர்கள்.

ஒரு தீக்குச்சியைப் பற்றவைத்துத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். சுடர் குச்சியை ஒட்டியே மேலேறி, விரலைச் சுடும் வேகத்தில் வந்துவிடும். நிமிர்த்திப் பிடித்தால் மெதுவாகவே எரிகிறது. மலைச்சரிவு என்பது தலைகீழாகப் பிடித்த தீக்குச்சி. சரிவில் எரியும் தீயின் சுடர், மேலே உள்ள புல்லை நோக்கிச் சாய்கிறது. கதிர்வீச்சும், மேலெழும் சூடான காற்றும் அந்தப் புல்லை முன்கூட்டியே சுடவைத்து ஈரத்தை நீக்கிவிடுகின்றன. சரிவு பத்துப் பாகை கூடும்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது என்பது தீயணைப்பு வல்லுநர்கள் கையாளும் கணக்கு. அப்படியானால் 30 பாகைச் சரிவில்? எட்டு மடங்கு. மனிதனின் கணக்கு நேர்மாறானது; சரிவு கூடக்கூட அவன் வேகம் குறையும்.

இத்துடன் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் வெயிலால் மலைச்சரிவு சூடாக, அதையொட்டிய காற்று மேல்நோக்கி ஓடும். பிற்பகலில் இது வலுத்திருக்கும். இரவில் குளிர்ந்த காற்று கீழ்நோக்கி இறங்கும். மார்ச் மாதப் பிற்பகல், காய்ந்த புல், செங்குத்துச் சரிவு மூன்றும் கூடினால் எந்தக் காலணியும் ஓடித் தப்ப உதவாது.

இதே கணக்கை 1949-இல் அமெரிக்காவில் வேறொரு குழுவினர் எதிர்கொண்டனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 5 அன்று, மொன்டானா மாநிலத்து மான் பள்ளத்தாக்கில் பதினைந்து தீயணைப்பு வீரர்கள் பாராசூட் மூலம் குதித்தனர். தரையிலிருந்த ஒருவர் அவர்களோடு சேர்ந்தார். அந்நாளின் சிறந்த கருவிகள் அவர்களிடம் இருந்தன. வானொலிப் பெட்டியின் பாராசூட் மட்டும் விரியவில்லை. பெட்டி தரையில் மோதி நொறுங்கியது. சிறிது நேரத்தில் தீ பள்ளத்தாக்கைத் தாண்டி, அவர்கள் நின்ற பக்கத்துப் புற்சரிவில் கீழிருந்து மேலே வரத் தொடங்கியது. அவர்கள் மேட்டை நோக்கி ஓடினர். கனமான கருவிகளைப் போடுங்கள் என்று தலைவர் வாக்னர் டாட்ஜ் கட்டளையிட்டார். தீ நெருங்கிவிட்டது, ஓடி வெல்ல முடியாது என்று கண்ட டாட்ஜ், நின்று, ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தமக்கு முன்னால் உள்ள புல்லில் வைத்தார்!

உடன் வந்தவர்களுக்கு அவர் புத்தி பேதலித்துவிட்டது என்று தோன்றியிருக்கும். டாட்ஜ் வைத்த தீ மேல்நோக்கி ஓடி, பின்னால் ஒரு கருகிய திட்டை விட்டுச் சென்றது. அதற்குள் வாருங்கள் என்று அழைத்தார், யாரும் வரவில்லை. அவர் மட்டும் ஈரக் கைக்குட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு சாம்பலில் குப்புறப் படுத்தார். பெருந்தீ அவரைச் சுற்றிக் கடந்து போயிற்று. எரிந்த இடத்தில் மறுபடி எரிய ஒன்றுமில்லை அல்லவா? டாட்ஜும், உச்சிப் பாறை இடுக்கு வழியே அப்பால் சென்ற இருவரும் பிழைத்தனர். மற்ற பதின்மூவர் இறந்தனர்.

டாட்ஜ் தமக்கு இதை யாரும் கற்றுத் தரவில்லை என்றே சொன்னார். அமெரிக்கப் புல்வெளிகளின் தொல்குடி மக்கள் இந்த முறையை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆனால் அன்று ஓடியவர்களுக்கு அது தெரியாது. தெரியாத ஒன்றை அந்த ஒரு நொடியில் நம்பவும் இயலாது. அறிவு முன்பே தலையில் இருந்திருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: இதைப் படித்துவிட்டுக் காட்டில் யாரும் தீ வைக்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம். பயிற்சியற்றவர் வைக்கும் தீ இன்னொருவரைக் கொல்லும். நமக்கு வேண்டியது அதன் பின்னுள்ள கொள்கை. புற்றீ ஓரிடத்தில் அதிக நேரம் நிற்பதில்லை. மெல்லிய புல் சில நொடிகளில் எரிந்து தீர்ந்துவிடும். எனவே எரிய ஏதுமற்ற இடமே அடைக்கலம்: கருகிய நிலம், அகன்ற வெறும்பாறை, ஓடைமணல், வண்டிப்பாதை. தீக்கு மேலே சரிவில் ஏறி ஓடாமல், பக்கவாட்டில் விலகிக் கீழிறங்க முயல வேண்டும். குறுகிய ஓடைப்பள்ளங்களில் ஒளியக் கூடாது. அவை புகைபோக்கி போலத் தீயை இழுக்கும். இன்னொன்று, உடை பற்றியது. கடைகளில் மலையேற்ற உடை என்று விற்பவை பெரும்பாலும் நைலான், பாலியெஸ்டர் இழைகள். வியர்வையை விரைவில் உலரவைக்கும், மறுக்கவில்லை. ஆனால் தீயின் வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி கருகும், உருகாது. கோடைக்காலப் புற்சரிவுக்கு நம்மூர்ப் பருத்திச் சட்டையே மேலானது என்பது என் கருத்து.

தண்ணீர்

நிலத்தில் குழி தோண்டி, மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டி, சூரிய வெப்பத்தால் மண்ணின் ஈரத்தை வடித்தெடுக்கும் முறையைப் பல நூல்களில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். வகுப்பில் செய்து காட்ட நல்ல சோதனை. உயிர் காக்குமா? கணக்குப் போடுங்கள். மலையேறும் மனித உடல் சுமார் 450 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது எடுத்துச் செல்வது 24 இலட்சம் ஜூல். எல்லா வெப்பமும் வியர்வையாலேயே நீங்குவதாகக் கொண்டால், மணிக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு லிட்டர் நீர் உடலை விட்டுப் போகும். வெயிலில் நின்று குழி தோண்டுவதும் அதே போன்ற உழைப்பே. வறண்ட மண்ணில் அந்தக் குழி நாள் முழுதும் தருவது, தோண்டியவர் சிந்திய வியர்வைக்கே ஈடாகாமல் போகலாம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். விடியற்காலையிலும் இரவிலும் நடப்பார்கள்; உச்சி வெயிலில் புளியமர நிழலில் படுத்திருப்பார்கள். நீரைத் தேடுவதைவிட நீரை இழக்காமலிருப்பது எளிது என்பதை அந்த வழக்கம் காட்டுகிறது.

மலை ஊற்று நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் தூயது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இங்கே நான் அவர்கள் பக்கம் இல்லை. கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதவை. மேலே ஒரு மாடு மேய்ந்தாலும் போதும். கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். "கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடுமே, கிருமி சாகுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. நோய்க்கிருமிகள் அதற்கும் குறைந்த வெப்பத்திலேயே அழியும். பருப்பு வேகத்தான் நேரமாகும். ஆனால் கோடையில் காட்டுக்குள் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், இந்த ஓரிடத்தில் கடையில் விற்கும் வடிகட்டிக் குழலுக்கே என் வாக்கு. அதனினும் நல்லது, வீட்டிலிருந்தே வேண்டிய நீரைச் சுமந்து போவது.

பையில் வைக்க

நீருக்கு அடுத்தபடி நான் பரிந்துரைப்பது ஒரு விசில். மனிதக் காது விநாடிக்கு மூவாயிரம் அதிர்வுகளை ஒட்டிய ஒலியை மிக நுட்பமாக உணரும். விசிலின் ஒலி அந்தப் பக்கமே விழுகிறது. கத்தினால் தொண்டை அரைமணியில் கட்டிவிடும். விசில் ஊத மூச்சு இருந்தால் போதும். மூன்று முறை ஊதி நிறுத்தி, மறுபடி மூன்று முறை ஊதுவது ஆபத்துக்குறி. காந்த ஊசித் திசைகாட்டி ஒன்று. நம் பகுதியில் அது மெய்யான வடக்கிலிருந்து ஓரிரு பாகைதான் விலகும். செல்பேசி கட்டாயம் இருக்கட்டும், அணைத்த நிலையில், அவசரத்துக்கு 112. இவற்றைவிட முக்கியமானது பையில் வைப்பதே அன்று. எந்த வழியாகப் போகிறோம், யார் யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போகும் ஒரு தாள். வழி தவறியதாகத் தெரிந்தால் அங்குமிங்கும் ஓடாமல் திறந்த, பாதுகாப்பான இடத்தில் நின்றுவிடுங்கள். தேடுவோர் அந்தத் தாளைக் கொண்டுதான் வருவார்கள்.

காட்டுக்குப் போக வாய்ப்பில்லாதவர்கள் பள்ளி மைதானத்திலேயே ஒன்று செய்யலாம். ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, ஜூன் 21-ஐ ஒட்டிய நாளில் நண்பகல் நிழலை அளவுங்கள். நம் தீர்க்கரேகைக்கு உண்மையான நண்பகல் இந்திய நேரப்படி 12 மணி 20 நிமிட அளவில் வரும். கீரனூர், பழனி, திண்டுக்கல் பக்கத்தில் நிழல் தெற்கே சுமார் 23 சென்டிமீட்டர் விழும். டிசம்பர் 21-ஐ ஒட்டி அதே இடத்தில் அளந்தால் வடக்கே சுமார் 67 சென்டிமீட்டர். இரண்டையும் ஒரே தாளில் வரைந்து, பக்கத்தில் உங்கள் ஊரின் அட்சரேகையைக் கணக்கிட்டு எழுதுங்கள்.